ஒன்பதாவது குடை

அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குச் செக்கிங் அக்கா என்று பெயர். வயது ஐம்பத்திரண்டு. தைத்து முடித்த சட்டை ஒவ்வொன்றும் கடைசியில் அவள் மேஜைக்குத்தான் வரும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள் என்று தையல்காரர்கள் சொல்வார்கள், பாராட்டாக அல்ல. காலர் தைப்பவருக்குக் காலரோடு சரி. கை தைப்பவருக்குக் கையோடு சரி. சட்டை என்று ஒன்று இருப்பதை முழுதாகப் பார்க்கிறவள் அவள் ஒருத்திதான். ஒரு முறை ஒருவர் ஒரே சட்டையில் இரண்டு இடது கைகளை வைத்துத் தைத்து அனுப்பிவிட்டார். அவள் அதைத் தூக்கிக்கொண்டு நேராக அவருடைய மெஷினுக்கே போய்விட்டாள்.

"அண்ணே, இதைப் போட்டுக்கிற ஆளை மட்டும் எனக்குக் காட்டிடுங்க. நான் அவரைப் பார்த்தே ஆகணும்."

அந்த வரிசையே சிரித்தது. அதற்கப்புறம் அந்த மனிதர் அந்தத் தப்பைச் செய்யவில்லை.

ஆனால் இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அவளைத் தெரிந்தவர்களுக்கு அவள் ஸ்டெப்னி. பெயர் வைத்தவர் நடனக் குழுவின் மாஸ்டர். அவர் குழுவில் மழை நடனம் என்று ஒன்று இருந்தது: எட்டுப் பெண்கள், எட்டுக் குடைகள், பதினொரு நிமிஷம். போன ஊரிலெல்லாம் கூட்டம் அலைமோதிற்று. எட்டுப் பேரில் ஒருத்தி படுத்துவிட்டால் என்ன செய்வது என்று மாஸ்டருக்கு ஒரு பயம். அதனால் ஒன்பதாவதாக இவளைச் சேர்த்தார். வண்டியின் பின்னால் தொங்குகிற சக்கரத்தின் பெயரையே சூட்டினார். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். இருபத்து மூன்று வயதில் எதற்குத்தான் சிரிப்பு வராது?

மற்ற எட்டுப் பேரும் அவரவர் இடத்தைக் கற்றுக்கொண்டார்கள். இவள் எட்டு இடத்தையும் கற்க வேண்டியிருந்தது. சாப்பிட உட்காரும் நேரத்தில் மாஸ்டர் திடீரென்று "அஞ்சு!" என்று கத்துவார். தட்டைக் கீழே வைத்துவிட்டு ஐந்தாவது ஆளின் ஆட்டத்தை முதலிலிருந்து ஆட வேண்டும். "ரெண்டு!" என்றால் இரண்டாவது. ஒரு நாளும் அவள் தப்பியதில்லை. எல்லாம் ஒத்திகையில்தான். மேடையில்? அந்த எட்டுப் பேரைப் போல ஆரோக்கியமான பெண்களை உலகம் கண்டிருக்காது. ஐந்து வருஷத்தில் ஒருத்திக்கு ஒரு காய்ச்சல் வரவேண்டுமே! ஒருத்திக்கு வந்தது. உடம்பு அனலாகக் கொதிக்க, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடிவிட்டுத்தான் மயங்கி விழுந்தாள்.

ஒரே ஒரு முறை வாசல்வரை போனாள். மூன்றாவது இடத்துக்காரிக்குக் கால் பிசகிவிட்டது. இவளுக்கு நீல உடுப்பு மாட்டி, உதட்டில் சாயம் பூசி, கையில் குடையைக் கொடுத்துப் பக்கத் திரையில் நிறுத்தினார்கள். பாட்டு தொடங்க ஒரு நிமிஷம் இருக்கும்போது ஊர் முழுவதும் மின்சாரம் போயிற்று. ஒன்றரை மணி நேரம் காத்திருந்துவிட்டுக் கூட்டம் கலைந்தது. மறுநாள் மூன்றாவதின் கால் சரியாகிவிட்டது. அன்றைக்கு ஸ்டெப்னி அழவே இல்லை என்று நெட்டை இன்றைக்கும் சொல்வாள். அழுதாள். நெட்டை பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு மாஸ்டர் இறந்துபோனார். குழு கலைந்தது. ஆளுக்கொரு கல்யாணம், ஆளுக்கொரு வேலை. மருந்துக்கடையில் வேலை பார்க்கிற கணவர் ஒரு தடவை அவளிடம் கேட்டார்: "நீ டான்ஸ்ல எத்தனாவது ஆளா ஆடுவே?"

"எல்லா ஆளாவும்."

கேலி செய்கிறாள் என்று நினைத்து அவர் விட்டுவிட்டார்.

இப்போது நெட்டையைச் சொல்ல வேண்டும். குழுவில் ஆறாவது இடத்தில் ஆடியவள். கதவு நிலை ஒவ்வொன்றிலும் குனிந்து போகிறவள். இப்போது பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலை வாசலில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"அடியே, நம்ம அரங்கத்தை இடிச்சுப் புதுசா கட்டினாங்க இல்ல, திறக்கப் போறாங்க. முதல் நிகழ்ச்சி நம்ம மழை நடனம்தான் வேணுமாம்! எட்டுப் பேரும் இருக்கோம்டி. மின்னல்கூட வெளிநாட்டுலேர்ந்து வர்றா."

மின்னல் முதல் இடத்துக்காரி. முன்வரிசை நடுவில் நின்றவள். சுவரொட்டியில் இருந்த முகம் அவளுடையதுதான்.

"எட்டுப் பேரும் இருக்கீங்கன்னா நான் எதுக்கு?" என்றாள் ஸ்டெப்னி.

நெட்டை கொஞ்சம் திணறினாள். "நமக்கெல்லாம் வயசாச்சு. யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா... நீ சும்மா வந்து உட்காரு."

ஐம்பத்திரண்டு வயதில் மறுபடியும் ஸ்டெப்னி. சாப்பாட்டு டப்பாவை மூடும்போது அவளுக்குச் சுருக்கென்றது. போகக்கூடாது என்று முடிவு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் ஆளாகப் போய் நின்றாள்.

ஒத்திகை ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு அறையில். பழைய பாட்டு நாடாவை யாரோ கைப்பேசிக்கு மாற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். ஆட்டத்தைப் படம் பிடித்தது மட்டும் எவரிடமும் இல்லை. அந்தக் காலத்தில் யார் பிடித்தார்கள்? மின்னல் இல்லாமல் மற்ற ஏழு பேரும் குடையோடு வரிசையில் நின்றார்கள். பாட்டு தொடங்கியது. முதல் நிமிஷம் அழகாகப் போயிற்று. இரண்டாவது நிமிஷத்தில் நான்காவதும் ஐந்தாவதும் முட்டிக்கொண்டார்கள்.

"நீதான் வழி விடணும்!"

"நான் எப்பவுமே நேரா தான்டி வருவேன். நீ எங்கேயிருந்து குறுக்க வந்தே?"

ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொருத்தியும் சத்தியம் செய்தாள். ஒவ்வொருத்திக்கும் தன் கால் போன வழி மட்டும் தெரியும். பக்கத்தில் இருந்தவள் எங்கே போனாள் என்று தெரியாது. அந்த நடனத்தை ஊரே பார்த்திருந்தது, ஆடின எட்டுப் பேரைத் தவிர.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஸ்டெப்னிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நாலு, நீ அங்க நிக்கக் கூடாது. குடையை மடக்கிட்டு ரெண்டு அடி பின்னாடி போகணும். அஞ்சு உன் முன்னாடி வருவா. ஆறு அப்ப முதுகைக் காட்டிட்டு நிப்பா. நெட்டை, நீதான், திரும்பு!"

ஏழு பேரும் வாயை மூடினார்கள். அவள் எழுந்து போய் நான்காவதின் ஆட்டத்தை ஆடிக்காட்டினாள். பிறகு ஐந்தாவது. பிறகு எட்டாவது. யோசிக்கவே இல்லை, கால் தானாகப் போயிற்று. இருபது வருஷமாகச் சட்டைப் பிசிறை வெட்டிக்கொண்டிருந்தவளின் உடம்புக்குள் எட்டுப் பெண்கள் பத்திரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஏழாவது இடத்துக்காரி மூக்கின் மேல் விரலை வைத்தாள். நெட்டை அழுதேவிட்டாள், அவள் எதற்கும் அழுவாள்.

அன்றிலிருந்து ஒத்திகை ஸ்டெப்னியின் கையில். மின்னல் வரும்வரை முதல் இடத்தில் அவளே நின்று ஆடினாள். முன்வரிசை நடு. எதிரே யாரும் இல்லை, கூடைப்பந்து வளையமும் வெறும் சுவரும்தான். அது போதுமாக இருந்தது அவளுக்கு. பொய் சொல்வானேன்? போதவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் திரும்பிப் போகும் வழியில், மேடையில் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று மனசு அரித்தது.

மின்னல் தொலைபேசியில் சொன்னாள்: "எனக்குப் பாதி மறந்துபோச்சுடி. நீ ஆடி வீடியோ அனுப்பு. இங்கேயே பழகிட்டு வந்துடறேன்."

ஸ்டெப்னி கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கினாள். ஸ்டூல் மேல் புத்தகங்களை அடுக்கி, கைப்பேசியைச் சாய்த்து வைத்தாள். கால் படத்தில் விழுகிறதா என்று தெரிய வேண்டுமே. அதனால் தன் முகம் தனக்கே தெரிகிற பக்கத்துக் கேமராவை வைத்துக்கொண்டாள். முதல் இடத்தின் பதினொரு நிமிஷத்தையும் ஒரே மூச்சில் ஆடி அனுப்பினாள். மின்னல் நான்கு மாதம் தினமும் அதைப் பார்த்துப் பழகினாள்.

நிகழ்ச்சிக்கு நான்கு நாள் இருக்கும்போது மின்னல் வந்து இறங்கினாள். முடி முழுக்க வெள்ளை, நடை அதே நடை. மறுநாள் மாலை ஒத்திகைக்கு வந்ததும் ஸ்டெப்னியைக் கட்டிக்கொண்டாள். ஸ்டெப்னி முதல் இடத்தை அவளுக்கு விட்டுவிட்டுப் பெஞ்சுக்குப் போனாள். பத்தடி தூரம்தான். அவளுக்கு அது பத்து மைலாக இருந்தது.

பாட்டு தொடங்கியது. குடைகள் விரிந்தன. ஏழு குடை வலது கையில், மின்னலின் குடை இடது கையில். ஏழு பேர் வலப்பக்கம் திரும்ப, மின்னல் இடப்பக்கம் திரும்பினாள். அடுத்த சுற்றில் அவளுடைய குடைக்கம்பி நெட்டையின் கழுத்தில் இடித்தது. நிறுத்தி, மறுபடி தொடங்கினார்கள். மறுபடியும் அதேதான். மூன்றாவது தடவை மின்னல் வலது கையில் குடையைப் பிடித்துப் பார்த்தாள். இரண்டு அடி வைத்ததும் எல்லாம் குழம்பித் திருதிருவென்று விழித்தாள்.

"எனக்கு என்னமோ ஆயிடுச்சுடி. இடது வலது கூடத் தெரியல. வயசாயிடுச்சு," என்றாள். குடையை மடக்கினாள். "ஸ்டெப்னி, நீயே ஆடிடு. நான் கீழே உட்கார்ந்து பார்க்கறேன்."

மற்றவர்கள் அவளைச் சமாதானப்படுத்தி வெளியே டீ குடிக்கக் கூட்டிப்போனார்கள். ஸ்டெப்னி மட்டும் கைப்பேசியை எடுத்து அந்த வீடியோவைப் போட்டாள். இரண்டு இடது கையைப் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிறவள் அவள். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அவள் எப்போதும் இடது கையில் கட்டுகிற கடிகாரம் படத்தில் வலது கையில் இருந்தது. கைப்பேசி கண்ணாடி மாதிரி ஆளையே திருப்பிப் போட்டு வைத்திருந்தது!

ஆடத் தெரியாத எவளாவது பார்த்திருந்தால், எதிரே தெரிவதை அப்படியே காப்பியடித்து, சரியாகக் கற்றுக்கொண்டிருப்பாள். மின்னல் ஆடத் தெரிந்தவள். எதிரே நிற்பவளின் இடது தனக்கும் இடது என்று மனசுக்குள் திருப்பிப் போட்டுத்தான் பார்ப்பாள். அதனால்தான் கெட்டது. தப்பு மின்னலின் வயசில் இல்லை. தப்பு முழுக்க ஸ்டெப்னியுடையது. அது அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

சும்மா இருந்தால் போதும். முன்வரிசை நடு, நீல உடுப்பு, விளக்கு, எல்லாம் அவளுக்கு. யாரிடமும் எதையும் பிடுங்க வேண்டாம். மின்னலே கையில் கொடுத்துவிட்டாள். அவள் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனாள். சொல்லத்தான் நினைத்தாள், வாய் வரவில்லை. இதை நான் மறைக்கப் போவதில்லை. அவளே பிற்பாடு மறைக்கவில்லை.

சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள். அவர் மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஆடணும்னு ஆசையா இருக்கா?"

"செத்துப்போற அளவுக்கு ஆசையா இருக்கு."

"அப்ப ஆடு."

"அது அவ இடம்ங்க. நான்தான் கெடுத்தேன்."

"அப்ப சொல்லிடு."

"சொன்னா இருக்கற ரெண்டு நாள்ல அவளால மாத்திக்க முடியாது. அவளும் ஆட மாட்டா, எனக்கும் ஆட மனசு வராது."

"என்கிட்ட மாத்திரை கேட்டா தரலாம். இதுக்கு நான் எங்க போறது?" என்று அவர் இன்னும் கொஞ்சம் குழம்பை அவள் தட்டில் ஊற்றினார்.

வெள்ளிக்கிழமை காலை. தொழிற்சாலையில் வெட்டும் பகுதியிலிருந்து சட்டையின் முன்பக்கத் துண்டுகள் வந்தன. தைப்பதற்கு முன் கறை பார்க்க வேண்டும். அவள் ஒன்றை எடுத்துப் பார்த்தாள், இடது முன்பக்கம். இன்னொன்றை எடுத்தாள், வலது. கழுத்து வளைவு, தோள் சரிவு, எல்லாமே ஒன்றுக்கொன்று நேர் எதிர். இருபது வருஷமாகத் தினமும் ஆயிரம் துண்டு பார்க்கிறாள். இது அதற்குத் தலைகீழாக இருக்கிறதே, தப்பு என்று ஒரு நாளாவது திருப்பி அனுப்பியிருக்கிறாளா? இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நடுவில் பொத்தான் வரும். சட்டை.

பிறகு மேஜைக்குப் பின்னால், இரண்டு அடி இடத்தில், எட்டுப் பேரையும் மனசுக்குள் நடத்திப் பார்த்தாள். மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் வந்தார்.

"என்னக்கா, கால் வலியா?"

"இல்ல சார். இப்பதான் சரியாச்சு."

மாலையில் ஒத்திகைக்குப் போனதும் அவள் உட்காரவில்லை. எல்லாரையும் கூப்பிட்டு, வீடியோவைக் காட்டி, நடந்ததைப் போட்டு உடைத்தாள். நேற்றே தெரிந்தும் சொல்லாமல் போனதையும் சொன்னாள். "உன் இடம் கிடைக்குதேன்னுதான் வாயை மூடிட்டேன்" என்று மின்னலின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

மின்னல் வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள். பிறகு, "முதல் நாளே என் உடம்பு சொல்லிச்சுடி, இது மாறி இருக்குன்னு," என்றாள். "நான்தான் உடம்பை அதட்டினேன். ஸ்டெப்னி தப்பா ஆட மாட்டா, உனக்குத்தான் மறந்துபோச்சுன்னு."

அதைக் கேட்டதும் ஸ்டெப்னிக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது. ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லியாக வேண்டும்.

"நீ ஒண்ணும் மாத்த வேண்டாம். பழகின மாதிரியே ஆடு. நான் உன் பக்கத்துல நின்னு சரியா ஆடறேன். நீ இடதுன்னா நான் வலது. நீ அந்தப் பக்கம் சுத்தினா நான் இந்தப் பக்கம். நாலும் அஞ்சும் ஒரு அடி தள்ளி நிக்கணும், ஆறு ரெண்டு எண்ணிக்கை தாமதமாத் திரும்பணும், அவ்வளவுதான். போட்டுப் பார்த்துட்டேன், யாரும் யாரையும் இடிக்க மாட்டோம். முன்னாடி ரெண்டு பேர், மொத்தம் ஒன்பது."

"மழை நடனம் எட்டுப் பேர் ஆடறதுடி," என்றாள் ஏழாவது இடத்துக்காரி.

"மழைக்கு யாருடி எண்ணிக்கை வெச்சா?" என்றாள் நெட்டை.

ஸ்டெப்னி நிமிர்ந்தாள். "யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா ஆடறேன்னு நான் சொல்லல. யாருக்கும் ஒண்ணும் ஆக வேண்டாம். எல்லாரும் நல்லா இருங்க. நானும் ஆடறேன்."

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு இத்தனை வருஷம் பிடித்தது. மின்னல் குடையை இடது கையில் எடுத்துக்கொண்டு, நடுவிலிருந்து ஓரடி நகர்ந்து நின்றாள். "வா, நில்லு," என்றாள்.

நீல உடுப்பு எட்டுதான் இருந்தது. சனிக்கிழமை மதியம் ஒன்பதாவதைத் தொழிற்சாலை தைத்தது. ஸ்டெப்னி துணியோடு வந்து தயங்கி நிற்க, காலர் தைப்பவர் பிடுங்கிக்கொண்டார். கை தைப்பவர், அந்த இரண்டு இடது கை ஆசாமி, "கையை நான்தான் வைப்பேன்" என்று அடம்பிடித்தார். மேற்பார்வையாளர் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பாட்டு மணி முடிவதற்குள் உடுப்பு அவள் மேஜைக்கு வந்துவிட்டது. சும்மா விடுவாளா? உள்ளே திருப்பித் தையலைப் பார்த்தாள். ஒரு பிசிறு இல்லை.

ஞாயிறு மாலை அரங்கம் நிரம்பி வழிந்தது. மூன்றாவது வரிசையில் கணவரும் மகளும். பக்கத் திரையில் நின்றபோது ஸ்டெப்னிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாட்டின் முதல் தட்டு விழுந்தது. அவ்வளவுதான், கால் அவளைக் கேட்காமலே புறப்பட்டுவிட்டது.

ஒன்பது குடைகள் ஒரே நேரத்தில் விரிந்தன. முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி முடி வெள்ளை, ஒருத்தி பாதி வெள்ளை. ஒருத்தி போன பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மற்றவள் போனாள். அவள் குடை தாழ்ந்தால் இவள் குடையும் தாழ்ந்தது. விலகி விலகிப் போய், பின்வரிசையைப் பிளந்துகொண்டு இரு ஓரமும் சுற்றி வந்து, நடுவில் முகத்துக்கு முகம் சேர்ந்தபோது அரங்கத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. நான்காவதும் ஐந்தாவதும் சரியாக ஓரடி தள்ளி நின்றார்கள். நெட்டை சரியாக இரண்டு எண்ணிக்கை தாமதமாகத் திரும்பினாள். ஏழாம் நிமிஷத்தில் ஸ்டெப்னிக்கு மூச்சு முட்டியது. எட்டாம் நிமிஷத்தில் மூச்சு எங்கிருந்தோ வந்தது. வெளுத்து வாங்கினாள்! விளக்கின் சூடு முகத்தில் பட, ஐந்நூறு பேர் தன்னையே பார்ப்பது தெரிய, அவளுக்கு இந்தப் பதினொரு நிமிஷம் முடியவே கூடாது என்றிருந்தது. முடிந்தது. கூட்டம் எழுந்து நின்று தட்டியது. கணவர் தட்ட மறந்து, வாயைத் திறந்தபடி நின்றிருந்தார். மகள்தான் அவர் கையைப் பிடித்துத் தட்ட வைத்தாள்.

எல்லாம் ஓய்ந்து, ஒன்பது பேரும் உடுப்போடு வெளி மண்டபத்துக்கு வந்தார்கள். கைத்தடி ஊன்றிய பெரியவர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக முன்னால் நின்ற இருவரிடமும் வந்தார்.

"அந்தக் காலத்துல இதை நாலு தடவை பார்த்திருக்கேம்மா. அப்படியே இருக்கு, ஒண்ணும் மாறல. முன்னாடி நீங்க ரெண்டு பேரு, அவங்க இடது, நீங்க வலது. இன்னைக்கும் கண்ணுக்குள்ளேயே நிக்குது."

ஸ்டெப்னி பதறினாள். "ஐயா, இல்லைங்க, அப்ப நான்..."

மின்னல் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். "ஆமாங்க," என்றாள் பெரியவரிடம். "அப்பவும் நாங்க ஒன்பது பேருதான்."

பெரியவர் தலையை ஆட்டினார், தனக்குத் தெரியாதா என்பது போல. பிறகு ஸ்டெப்னி பக்கம் திரும்பி, "உங்களை நல்லா ஞாபகம் இருக்கும்மா," என்றார்.

ஸ்டெப்னி அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். "ரொம்ப நன்றிங்க," என்றாள்.